பதின்மூன்றாம் பாடம்

கோல்ட்பிரூக், கனெக்டிகட்
1789 ஏப்ரல் 20

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

ஹல்டா எழுதுகிறேன். நான் நலம். நீயும் சைலஸ் அத்தானும் அந்தக் கடற்கரைக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்ற நினைப்புதான். உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கப்பல் இல்லை என்று மட்டும் சொல்லாதே. ஷெல்பர்னிலிருந்து பாஸ்டனுக்கு மீன் வருகிறது, கடிதம் வராதா?

இங்கே எல்லார் வாயிலும் புது ஜனாதிபதி பேச்சுதான். ஆனால் என் பள்ளியில் இன்னும் லண்டனில் அச்சடித்த வாசகப் புத்தகம்தான். மாவு மில்காரர் ஆப்னர் ஸ்டைல்ஸின் மகள் லொவைசா, ஏழு வயது, போன வாரம் பாடத்தின் நடுவில் நிறுத்தினாள். "டீச்சர், இந்த வானம்பாடி எந்த மரத்துல உட்காரும்?" என்றாள். அது நம் நாட்டில் இல்லை, இங்கிலாந்துப் பறவை என்றேன். "அப்ப நம்ம பறவைக்கெல்லாம் பாடத் தெரியாதா?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புத்தகத்தில் ராஜா இருக்கிறார், பிரபு இருக்கிறார், அவர்களுடைய வேட்டை நாய்கூட இருக்கிறது. மக்காச்சோளம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அன்றே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். நம் ஆறு, நம் பறவைகள், நம் அறுவடை. சின்னச் சின்னப் பாடங்கள். ஹார்ட்ஃபோர்டில் பெலட்டையா காஸ் என்று ஓர் அச்சகக்காரர் இருக்கிறார். பார்த்துவிட்டு, பன்னிரண்டு பாடம் கொடுத்தால் புத்தகமாகப் போடுகிறேன் என்றார்.

இதில் நீதான் உதவ வேண்டும். மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் பாடம் எனக்குச் சரியாக வரவில்லை. அம்மாவோடு தோப்புக்குப் போனது நீதானே. நான் கைக்குழந்தையாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு இருந்தால் கூசாமல் திருத்து.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

உன் தங்கை,
ஹல்டா


ஷெல்பர்ன், நோவா ஸ்கோஷியா
1789 ஜூன் 28

அன்புத் தங்கை ஹல்டாவுக்கு,

உன் கடிதமும் பாடமும் வந்து சேர்ந்தன. இங்கே இருவரும் சுகம். எட்டு மாதமாக எழுதாதது என் குற்றம்தான். எழுத உட்கார்ந்தால் யாரிடமாவது கோபித்துக்கொள்வது போலவே வருகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

உன் பாகைப் படித்து உன் அத்தான் ஒரு பாட்டம் சிரித்தார். "உன் தங்கச்சி காய்ச்சின பாகுல பாதி அடிபிடிச்சிருக்கும், மீதி பொங்கி நெருப்பை அணைச்சிருக்கும்" என்கிறார். பாகை அகப்பையால் ஓயாமல் கிளற மாட்டார்கள், அசடே. கொப்பரைக்கு மேலே ஒரு நூலில் பன்றிக் கொழுப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பொங்கி வருகிற பாகு அதைத் தொட்டதும் தானாக அடங்கும். பதம் பார்க்கப் பனியில் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். மெழுகு மாதிரி இறுகினால் இறக்கிவிடலாம். அந்தப் பனிப் பாகுக்காகத்தான் நாங்கள் அம்மா பின்னாலேயே போனோம். உன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்.

பறவைப் பாடத்துக்கும் ஒன்று. பாபோலிங்க் குருவி ஆண் மட்டும்தான் பாடும், அதுவும் புல் அறுக்கும் வரைதான். கோடை போனால் கறுப்பு வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண்குருவி மாதிரி ஆகிவிடும்.

இங்கே ஊர் கரைந்துகொண்டே போகிறது. போருக்குப் பிறகு இங்கிலாந்து ராஜாவை நம்பிக் கூட்டமாக வந்தவர்கள் கூட்டமாகவே கிளம்புகிறார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டையே பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எங்கள் ஜன்னலிலிருந்து நேராகக் கடல் தெரிகிறது. நாங்கள் எங்கே போவது? உன் அத்தானுக்கு இடது இடுப்பு, நம் ஊர் எங்களைத் துரத்திய அந்த நாளிலிருந்தே சரியில்லை. நோயாளிகள் வீட்டுக்கு வந்தால் பார்க்கிறார்.

நான் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொள். என் பெயரை மட்டும் எங்கும் போடாதே. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனின் பெண்டாட்டி சொன்ன பாகு என்று தெரிந்தால் உங்கள் புது நாட்டுக்குக் கசக்கும்.

அன்புடன்,
டார்கஸ்


கோல்ட்பிரூக்
1789 நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பன்றிக் கொழுப்பு பாடத்துக்குள் போய்விட்டது. வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் நாக்கைச் சப்பினார்கள். பாபோலிங்க் சட்டை மாற்றுவதைக் கேட்டு லொவைசா தன் அண்ணனைப் பார்த்து, "நீயும் கோடை முடிஞ்சா பாவாடை கட்டிக்கோ" என்றாள். உன் கைபட்ட பாடங்கள்தான் புத்தகத்தில் உயிருள்ளவை.

பன்னிரண்டும் முடிந்து காஸிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புரட்டினார். "பறவை சரி, பாகு சரி. ராஜாவோட போட்ட சண்டை எங்கம்மா?" என்றார். நான் சண்டைக்குப் போனதில்லை என்றேன். "யாரும் போகலைன்னாலும் எல்லாரும் போனதாத்தான் சொல்றாங்க. பதிமூணு மாநிலம் சேர்ந்து ஒரு நாடு. பன்னிரண்டு பாடம் போட்டா எந்த மாநிலத்தை விட்டேன்னு கேப்பான். இன்னும் ஒண்ணு எழுதுங்க. உங்க ஊர்ல நடந்ததா இருக்கட்டும். தைரியமா ஒருத்தர், துரோகி ஒருத்தன். பிள்ளைங்க எழுந்து நின்னு ஒப்பிக்கிற மாதிரி."

ஊரில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். சுமார்தான். அவருக்குப் பிடித்துப்போயிற்று. வசந்த காலத்தில் புத்தகம் வரும். 'ஒரு கனெக்டிகட் பெண்மணி எழுதியது' என்று மட்டும் போடுவார். நம் இருவரில் அது யார் என்று உலகம் குழம்பட்டும்.

உனக்குப் பிரதி அனுப்ப முடியுமா தெரியவில்லை. கப்பல்காரர்கள் புத்தகம் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

உன்,
ஹல்டா


ஷெல்பர்ன்
1790 ஜூன் 9

ஹல்டாவுக்கு,

நீ அனுப்பாவிட்டாலும் உன் புத்தகம் வந்து சேர்ந்தது. பாஸ்டன் போய்வந்த ஒரு கப்பல் தலைவர் தன் மகளுக்கு வாங்கி வந்தார். அந்தப் பெண் வாசிக்கச் சொல்லி என்னிடம் எடுத்து வந்தாள். பாகுப் பாடம் வரை இருவரும் சந்தோஷமாக வாசித்தோம். பிறகு பதின்மூன்றாம் பாடத்துக்கு வந்தோம். நான்தான் சத்தமாக வாசித்தேன்.

'அரசனுக்கு ரகசியம் விற்ற வைத்தியன் ஒளிந்துகொண்டான். ஊர்மக்கள் தேடி வந்தார்கள். அவன் மனைவியின் தங்கை, பதினாறே வயதான பெண், வாசலில் நின்றாள். அக்காள்மேல் அவளுக்குப் பாசம் உண்டு. ஆனால் நாட்டின்மேல் அதைவிடப் பாசம் உண்டு. அவள் அஞ்சாமல் கை நீட்டி, அதோ, ஆப்பிள் கொட்டகையின் பரணில், என்றாள்.'

கப்பல் தலைவரின் மகள் என்னைக் கேட்டாள், "ஏன் ஆன்ட்டி நிறுத்திட்டீங்க?"

அவர் எந்த ரகசியத்தையும் விற்கவில்லை. புது அரசாங்கத்துக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார், அவ்வளவுதான். அது உனக்குத் தெரியும். அச்சகக்காரர் கேட்டதற்காகச் சேர்த்தாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பரண்? அவர் பரணில் இருந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர், நான், நீ. பதின்மூன்று வருஷமாக எங்கள் கூலியாள் ஈபன்தான் மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தான் என்று நினைத்திருக்கிறேன். இந்த ஊர் முழுக்கச் சொல்லியும் இருக்கிறேன். அவனைச் சபிக்காத நாள் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். நீயா காட்டினாய்?

டார்கஸ்


கோல்ட்பிரூக்
1790 ஜூலை 30

அக்கா,

நான்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மார்ச் மாதம், மத்தியானம். நீ என்னை உன் வீட்டில் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு மாவு வாங்கப் போயிருந்தாய். ஆப்னர் ஸ்டைல்ஸ் தனியாக ஓடி வந்தார். கூட்டம் பின்னால் பாதை வளைவில் நின்றது எனக்குத் தெரியாது. "டாக்டர் எங்கே? தம்பி காலு மில் சக்கரத்துல மாட்டிக்கிச்சு. ரத்தம் நிக்கல. சீக்கிரம் சொல்லு ஹல்டா!" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் பரணைக் காட்டினேன். அவர் திரும்பிக் கையை ஆட்டினார். முப்பது பேர் வாசலுக்குள் வந்தார்கள்.

அவர்கள் அத்தானை அவமானப்படுத்த ஒரு வேலி மரக்கட்டையின்மேல் கால்பரப்பி உட்காரவைத்து, இடுப்பு ஒடியக் குலுக்கித் தூக்கிக்கொண்டு போனதை நீ திரும்பி வந்து பார்த்தாய். நான் சமையலறையில் இருந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு இரவு முழுக்க இருந்தது, சொல்லவில்லை. மறுநாள் நீங்கள் வண்டியேறிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்னும் மோசம். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். டீக்கன் ஹோவி சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும், "இந்தப் பொண்ணு மாதிரி பத்து பேர் இருந்தாப் போதும், ராஜா ஓடிடுவான்" என்றார். ஏமாந்துபோனேன் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆப்னர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். எனக்குப் பள்ளி கிடைத்ததே அதனால்தான். வருஷம் போகப் போக, ஒருவேளை நான் தைரியமாகத்தான் காட்டினேனோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. காஸ் கதை கேட்டபோது ஊர் சொல்லும் கதையைத்தான் எழுதினேன். கை தயங்கவே இல்லை, அக்கா. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஹல்டா


ஷெல்பர்ன்
1790 செப்டம்பர் 4

ஹல்டாவுக்கு,

கடிதத்தை உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பதினாறு வயசுப் பிள்ளை. கால் நசுங்கிப்போச்சுன்னு ஒருத்தன் அழுதுக்கிட்டு வந்தா வேற என்ன பண்ணுவா? நான் கீழே இருந்திருந்தா நானே பையைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். பிறகு, "அவன் தம்பி கால் நல்லா இருக்காமா?" என்று கேட்டார். அவர் அப்படித்தான். எனக்கு அது வராது.

அந்தப் பதினாறு வயதுப் பெண்மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன வருஷம் பேனா பிடித்தவளுக்கு வயது இருபத்தெட்டு. அவள்மேல்தான் வருத்தம். என்னிடமிருந்து அம்மாவின் பாகையும் குருவியையும் வாங்கிக்கொண்டு, அதே அட்டைக்குள் என் புருஷனைத் துரோகியாகப் போட்டாய். அம்மா சாகும்போது நான் வர முடியாமல் போனது எதனால் என்று நினைத்துப் பார்த்தாயா? இனி அந்த மாநிலத்தில் எழுத்துக் கற்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவரைத் திட்டித்தான் வாசிக்கப் பழகும். கூட்டம் ஒரு நாள் வந்தது, போய்விட்டது. புத்தகம் போகாது.

அழுது எழுதாதே. எனக்கு அது வேண்டாம். எழுதியவள் நீ. மாற்றி எழுது.

டார்கஸ்


கோல்ட்பிரூக்
1790 நவம்பர் 2

அக்காவுக்கு,

மாற்றி எழுதினேன். முதலில் காஸிடம் போனேன். இரண்டு பக்கம் வாசித்தார். "நல்லாயிருக்கு. ஆனா போட முடியாது" என்றார். இது உண்மை, அது பொய் என்றேன். "இருக்கட்டும். நாடு பிறந்து பதினாலு வருஷம் ஆகுது. இப்பத்தான் தன் பேரைத் தானே எழுதக் கத்துக்குது. அதுக்குள்ள நீ திருடன், நீ பொய்யன்னு சொன்னா எழுந்து நிக்குமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நம்பித்தான் சொன்னார். நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எழுத்தை அவருக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று காகிதத்தைக் காட்டினார். வெர்மான்ட் வரை கேட்கிறார்களாம். மூன்றாவது அச்சு ஓடுகிறது.

பிறகு அக்டோபரில் பள்ளிக்கூடப் பரீட்சை நாள் வந்தது. பாதிரியார், பள்ளிக் கமிட்டி, பெற்றோர் எல்லாரும் பெஞ்சில். வழக்கப்படி லொவைசா பதின்மூன்றாம் பாடத்தை ஒப்பிக்க எழுந்து நின்றாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். "இந்தப் பாடத்தை எழுதினது நான். அந்தப் பொண்ணும் நான்தான். இது நடந்தது இப்படி இல்லை" என்று சொல்லிவிட்டு, புதிதாக எழுதியதை வாசித்தேன். ஆப்னரின் பெயரைச் சொல்லவில்லை. 'ஒருவர் ஓடி வந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"ஹல்டா, உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போ" என்றார் டீக்கன் ஹோவி. நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்தார். "பிள்ளைங்க முன்னாடி அந்த டாக்டருக்கு வக்காலத்தா?"

அப்போது ஆப்னரின் மனைவி கெசியா பெஞ்சிலிருந்தே சொன்னாள். "அவ சொல்றது சரிதான். எங்க கொழுந்தனார் கால் அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் அதே காலால என் வீட்ல ஆடினாரு." யாரோ சிரித்தார்கள். ஆப்னர் பக்கத்தில்தான் இருந்தார். "வாயை மூடு கெசியா" என்றார். "பதிமூணு வருஷம் மூடித்தானே இருந்தேன்" என்றாள் அவள். ஆப்னர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கூடப் பாதிப் பேர் போனார்கள். மிச்சப் பேர் முழுவதையும் கேட்டார்கள். லொவைசா மட்டும் கை தூக்கி, "அப்ப டீச்சர், நான் மனப்பாடம் பண்ணினதை மறந்துடணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

பள்ளிக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஈபனைத் தேடிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் ஓஹியோப் பக்கம் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறதாம்.

புத்தகம் மாறவில்லை, அக்கா. என்னால் முடிந்தது ஒரு அறையில் இருந்தவர்களிடம் சொல்வதுதான். வசந்த காலத்தில் உன்னைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது.

ஹல்டா


ஷெல்பர்ன்
1791 ஜூன் 12

அன்புத் தங்கை ஹல்டாவுக்கு,

உன் கடிதம் பனிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத ஏழு மாதம் ஆயிற்று. கப்பல்மேல் பழி போட மாட்டேன்.

கெசியா பேசினாள் என்று வாசித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் வண்டியேறிய காலையில் அவள் பின்பக்க வேலியைத் தாண்டி வந்து, ஒரு கம்பளியை உன் அத்தானின் இடுப்புக்குக் கீழே மடித்து வைத்தாள். கூடவே ஒரு மக்காச்சோள ரொட்டி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கம்பளி இல்லையென்றால் அந்த வண்டிப் பாதையில் அவர் உயிர் பிழைத்திருக்க மாட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே ஒவ்வொரு ஜூன் நான்காம் தேதியும், ராஜாவின் பிறந்த நாளன்று, எல்லாரும் ஒன்றுகூடுவோம். யார் யார் என்ன பறிகொடுத்தோம் என்று பேசுவோம். எங்களுடையது நல்ல கதை, அதனால் வருஷாவருஷம் என்னைச் சொல்லச் சொல்வார்கள். காட்டிக்கொடுத்த கூலியாள், முப்பது பேர், உதவ ஒரு கைகூட நீளாத ஊர். அப்படித்தான் சொல்வேன். இங்கே பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் தாங்கள் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். என்னிடம் அச்சகம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வருஷமும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஈபன் இல்லை, என் தங்கை, அவளை ஏமாற்றிக் கேட்டார்கள் என்றேன். கம்பளியைப் பற்றியும் சொன்னேன். யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. முன்னொரு காலத்தில் படையில் இருந்த கேப்டன் ஒருவர், "ஏம்மா, கதை நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. இப்ப எதுக்கு நடுவுல அந்தக் கம்பளி?" என்றார். உன் காஸ் இங்கே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் என்னைக் கேட்க மாட்டார்கள். உன் அத்தான் மட்டும் வழியெல்லாம் ரொட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதில் உப்பு கம்மியாம்.

மன்னித்தேன் என்று எழுதச் சொல்கிறார். அந்தச் சொல் எனக்கு இன்னும் எழுத வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் வருமோ என்னவோ. பார்க்காமல் தெரியாது.

ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து இங்கே வரும் கப்பல் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் என்னிடம் புத்தகம் எடுத்து வந்த பெண்ணின் அப்பாதான். இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டு வருகிறார். உனக்கு இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கனமான உடுப்பு எடுத்துக்கொள். இங்கே கோடையை நம்ப முடியாது. இந்தத் தெருவில் மிச்சம் இருக்கிற ஒன்பது பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வாசிக்க ஒன்றும் இல்லை. உன் புத்தகத்தில் ஒரு பிரதி எடுத்து வா. பதின்மூன்றாம் பாடத்தைக் கிழித்துவிடாதே. பரீட்சை நாளில் நீ வாசித்ததையும் கொண்டு வா. இரண்டையும் பிள்ளைகள் படிக்கட்டும். அவர்கள் கேட்பதற்கு நாம் இருவரும் உட்கார்ந்து பதில் சொல்வோம்.

கெசியாவைப் பார்த்தால் கம்பளி இன்னும் இருக்கிறது என்று சொல்.

உன் அக்கா,
டார்கஸ்